மலைநாட்டுப் பியானோலாவுக்கு எந்தத் துணி, எந்தத் தோல்?

கறுப்பு இறப்பர் பூசிய இரண்டு துணித் துண்டுகளை நான் எறியாமல் வைத்திருக்கிறேன். ஒன்று, பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு பியானோலாவின், அதாவது துளையிட்ட காகித ரோலைக் கொண்டு காற்றின் விசையால் பியானோவை வாசிக்கும் இயந்திரத்தின், சிறு துருத்திகளுக்கு ஒட்டியதில் மிஞ்சியது. இன்றும் மடித்தால் மடிகிறது, விட்டால் விரிகிறது. மற்றது, அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு விற்பனையாளரிடமிருந்து கூடிய விலைக்கு வருவித்தது. இப்போது நகத்தால் கீறினால் பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது. வாங்கிய நாளில் இரண்டையும் அருகருகே வைத்திருந்தால் யாரும் இரண்டாவதைத்தான் எடுத்திருப்பார்கள், ஏனெனில் அதுதான் கூடுதல் பளபளப்பாகவும் சீராகவும் இருந்தது. பியானோலாவின் மாற்றுப் பாகங்களைத் தெரிவு செய்பவர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் இதுவே: கெட்டுப்போகவிருக்கும் பாகமும் மாட்டிய அன்று நன்றாகவே வேலை செய்யும், அதன் குறை ஐந்தாறு மழைக்காலங்கள் கழிந்த பின்னரே வெளியே வரும். எனவே இங்கே தரம் என்று நாம் மதிப்பிட வேண்டியது பாகத்தின் முதுமையை. ஒரு துணியோ தோலோ எப்படி முதுமையடையும் என்பதை அதன் இளமையிலேயே ஊகித்தறியச் சில வழிகள் இருக்கின்றன.

பியானோலா என்பது முதலில் ஒரு வணிகப் பெயர். அமெரிக்கரான எட்வின் வோட்டி 1895இல் உருவாக்கி, ஏயோலியன் நிறுவனம் விற்ற அந்தக் கருவி, பியானோவுக்கு முன்னால் தள்ளி நிறுத்தப்படும் தனிப் பெட்டியாக இருந்தது. அதன் மரவிரல்கள் பியானோவின் கட்டைகளை அழுத்தின. பின்னர் அந்த இயந்திரம் பியானோவின் வயிற்றுக்குள்ளேயே புகுந்துவிட்டது. எந்த நிறுவனம் செய்ததாயினும் மக்கள் அதைப் பியானோலா என்றே அழைத்தார்கள். 1920களில் உச்சத்துக்குப் போன இந்தத் தொழில், வானொலியும் மின்முறை இசைத்தட்டும் பரவிய பிறகு தளர்ந்து, 1929இன் பொருளாதார வீழ்ச்சியோடு ஏறத்தாழ அழிந்தது. இதனால் இன்று நம் கையில் இருக்கும் பழைய கருவிகளுக்கு, அவற்றைச் செய்த நிறுவனத்தின் பாகம் என்று ஒன்று கிடையாது. வெளிநாடுகளில் உள்ள சிறு விற்பனையாளர்கள், வேறு தொழில்களுக்காக நெய்யப்பட்ட துணியையும் பதனிடப்பட்ட தோலையும் பொருத்தம் பார்த்து வாங்கி விற்பதே மிகுதி. இறப்பர் துணி ஆலைக்குப் பியானோலாக்காரர்கள் மிகச் சிறிய வாடிக்கையாளர்கள். ஆலை தன் கலவையை மாற்றினால் அதை நமக்கு அறிவிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. சென்ற முறை நன்றாக இருந்த அதே இலக்கமுள்ள துணி, இம்முறை வேறாக வருவதற்கு இதுவே காரணம்.

இலங்கையின் மலைநாட்டில் பியானோ என்பது தோட்டத்துரைமாரின் பங்களாக்களோடும், அவர்களுடைய கிளப்புகளோடும், தேவாலயங்களோடும் வந்த பொருள். 1885இல் நானுஓயா வரை ரயில் பாதை எட்டிய பின்னர் இத்தகைய பாரமான பொருட்களை மேலே கொண்டுவருவது இலகுவாயிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான போது பங்களாத் தளபாடங்கள் பல கை மாறின. கட்டில், அலுமாரி ஆகியவற்றுக்கு இருந்த மதிப்பு ஊமையாய்ப்போன ஓர் இசைப்பெட்டிக்கு இருக்கவில்லை. இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பியானோவாக விற்றவர்களும் உண்டு. தப்பிப் பிழைத்த கருவியைத் திருத்த முனைபவர் இரண்டு எதிரிகளைச் சந்திக்கிறார். ஒன்று காலம், மற்றது இங்கே இருக்கும் ஈரம். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் நுவரெலியாவின் மூடுபனி ஒரு விதம். ஆடி, ஆவணியில் வறண்ட காற்று அடிக்கும் பண்டாரவளைப் பக்கம் இன்னொரு விதம். வெளிநாட்டுப் பட்டியல்களில் ஒரு பாகத்துக்குச் சொல்லப்படும் ஆயுள், சூடேற்றப்பட்ட வீடுகளின் உலர்ந்த அறைகளை மனத்தில் கொண்டு சொல்லப்படுவது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆர்மோனியம் தெரிந்தவருக்குப் பியானோலாவை விளக்குவது எளிது. பஜனைக்கு வாசிக்கும் ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை உள்ளே தள்ளுகிறது. பியானோலாவில் காலால் மிதிக்கும் துருத்திகளோ பெட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்து, உள்ளே ஓர் உறிஞ்சலை உண்டாக்குகின்றன. துளையிட்ட காகித ரோல், 88 சிறு துளைகள் கொண்ட ஒரு பித்தளைப் பட்டையின் மேல் ஊர்ந்து செல்கிறது. காகிதத்தின் துளை பட்டையின் துளைக்கு நேரே வரும்போது, வெளிக்காற்று ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே புகுந்து, ஒரு காசளவான தோற்சவ்வை மேலே உப்பச் செய்கிறது. சவ்வு ஒரு வால்வைத் தூக்குகிறது. வால்வு திறந்ததும் உறிஞ்சல் ஒரு சிறு துருத்தியைச் சட்டென்று சுருக்குகிறது. சுருங்கும் துருத்தி பியானோவின் சுத்தியலை அடிக்க வைக்கிறது. காகிதத்தின் துளை கடந்து போனதும், குழாய்க்குள் சிறைப்பட்ட காற்றை ஒரு மில்லிமீற்றர் அளவு விட்டமுள்ள கசிவுத் துளை ஒன்று மெல்ல இழுத்துக்கொள்ள, சவ்வு தணிகிறது, வால்வு மூடுகிறது, துருத்தி மீண்டும் விரிகிறது. இவையெல்லாம் நொடிக்குப் பல தடவை நடந்தாக வேண்டும்.

இதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழாய், ஒரு சவ்வு, ஒரு வால்வு, ஒரு கசிவுத் துளை, ஒரு துருத்தி என்று கணக்கிட்டால் 440 பாகங்கள் ஆகின்றன. ஒன்றில் கசிவு ஏற்பட்டால் ஒரு சுரம் மட்டும் ஊமையாகும் என்று நினைப்பது தவறு. எல்லாமே ஒரே உறிஞ்சலைப் பங்கிட்டுக்கொள்வதால், எழுபது துருத்திகள் ஆளுக்குக் கொஞ்சம் கசியும்போது, எந்தச் சுரமும் தனியே கெட்டதாகத் தெரியாமல், மிதிப்பவரின் கால்தான் களைத்துப்போகும். மெல்லிய இசைக்கு இந்த இயந்திரம் ஏறத்தாழ 5 அங்குல நீர்நிரல் அளவு (ஒரு குழாயில் நீரை 5 அங்குலம் மேலே இழுக்கும் அளவு) உறிஞ்சலில் வேலை செய்ய வேண்டும்; உரத்த இசைக்கு அது ஐந்தாறு மடங்காகும். கசியும் பாகம் உரத்த இசையில் தப்பித்துக்கொள்ளும், மெல்லிய இசையில் அகப்படும். திருத்தி முடித்த கருவியைக் காட்டுவதற்கு ஒருவர் வேகமான, ஆரவாரமான ரோலையே போடுவாரானால், நான் ஒரு தாலாட்டைப் போடச் சொல்வேன்.

துணியிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் பணமும் உழைப்பும் அதிகம் போவது அங்கேதான். சிறு துருத்திக்கான துணி என்பது மிக நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தியின் மேல் இறப்பர் படலம் பூசியது. காற்றைத் தடுப்பது இறப்பர், வலுவைத் தருவது பருத்தி. இயற்கை இறப்பரின் குணங்களை நம் நாட்டில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1876இல் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் முதல் இறப்பர் நாற்றுகள் ஊன்றப்பட்ட நாள் முதலாக, களுத்துறை, கேகாலைப் பக்கத்தில் அதைப் பால் வெட்டி, உறைய வைத்து, புகையூட்டி வந்திருக்கிறோம். கந்தகம் சேர்த்துச் சூட்டில் பக்குவப்படுத்தினால்தான் இறப்பர் நிலைபெறும். கந்தகம் குறைந்தால் பிசுபிசுக்கும், கூடினால் விறைக்கும். அதன்பிறகும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தாமதப்படுத்தத்தான் ஆலைகள் மருந்து சேர்க்கின்றன. துணியைப் பார்த்து இந்த மருந்து இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு துண்டை வெயிலிலும் மழைத்தூறலிலும் படும்படி யன்னல் விளிம்பில் இழுத்துக் கட்டி, இன்னொரு துண்டை அலுமாரிக்குள் வைத்து, மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டால் ஏதாவது தெரிந்தே தீரும். வெளியே இருந்ததில் இழுவைக்குக் குறுக்காக மயிரிழைபோன்ற வெடிப்புகள் ஓடியிருந்தால் அந்தத் துணியைத் திருப்பி அனுப்பலாம்.

செயற்கைப் பொருள் என்றால் நீடித்து உழைக்கும் என்ற எண்ணத்துக்கு இந்தத் தொழிலின் வரலாறு கடுமையான பதிலைத் தந்திருக்கிறது. 1960களை ஒட்டி அமெரிக்காவில் பியானோலாவுக்கு மீண்டும் ஒரு விருப்பம் எழுந்தபோது, தோற்சவ்வுக்குப் பதிலாகப் பெர்ஃபிளெக்ஸ் என்ற பிளாஸ்டிக் படலம் புதிய கருவிகளிலேயே இடப்பட்டது. மெல்லியது, சீரானது, விலை குறைந்தது. சில ஆண்டுகளில் அது இறுகி, வெடித்து, முழு இயந்திரத்தையும் பிரிக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது. பின்னர் பொலிலோன் என்ற பெயரில், நைலோன் மேல் பொலியூரித்தேன் பூசிய துணி வந்தது. அதன் பூச்சும் காலப்போக்கில் நைலோனை விட்டுப் பிரிந்தது. பல பத்தாண்டுகள் உழைத்த பழைய இறப்பர் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதில் பாதிக் காலம்கூட உழைக்காத ஒன்றை மக்கள் ஒட்டினார்கள் என்பதுதான் இதில் வருத்தமானது. எல்லாச் செயற்கைப் பொருளும் கெட்டது என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டியதில்லை. பொலியூரித்தேன் பூச்சுகளில் ஈரத்தைத் தாங்கும் வகையும் தாங்காத வகையும் உண்டு. தாங்காத வகை நீராவியால் மெல்ல மெல்லச் சிதைந்து பிசினாகும். நல்ல காலணியை இரண்டு வருடம் பெட்டியில் வைத்துவிட்டு எடுக்கும்போது அதன் அடி தூளாக உதிர்ந்ததைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். விற்பவருக்கே எந்த வகை என்று தெரியாவிட்டால், மலைநாட்டில் அந்தத் துணிக்கு இடமில்லை என்றே கொள்ளலாம்.

கையில் எடுத்த துணியைச் சோதிப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு துண்டை எதிரெதிர்த் திசைகளில் மடித்து, மடிப்பை விரலால் அழுத்தித் தேய்த்து, பிறகு இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தின் முன் பிடித்தால், ஊசித்துளைகள் நட்சத்திரங்கள்போலத் தெரியும். துளை தெரியவில்லையென்றால், ஒரு குழாயின் வாயில் துணியை இறுக்கி வைத்து மறுமுனையை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடிக்க வேண்டும். நாக்கைப் பிடித்த உறிஞ்சல் தளராமல் பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். (தேயிலை ருசி பார்ப்பவர் கரண்டியிலிருந்து உறிஞ்சும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகப் படாது.) உறிஞ்சலைத் தாங்கும் துணி நல்ல துணி என்று உடனே முடிவுசெய்துவிடவும் கூடாது. சைக்கிள் டியூப்பும்தான் தாங்கும். சிறு துருத்தியின் துணி எவ்வளவு இலேசாக மடிகிறது என்பதும் காற்றைப் பிடிப்பதற்குச் சமமான குணம். ஒட்டி முடித்த துருத்தியைக் கவிழ்த்துப் பிடித்தால், அதன் அசையும் பலகை தன் சொந்தப் பாரத்தில் விரிய வேண்டும். துளையை விரலால் அடைத்தால் அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். முதலாவது நடக்காவிட்டால் துணி விறைப்பானது, இரண்டாவது நடக்காவிட்டால் கசிகிறது.

பட்டியல்களில் துணிக்குத் தடிப்பு எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண் தேவையானதுதான். ஆனால் தேயிலையில் பி.ஓ.பி., டஸ்ட் என்னும் தரப்பெயர்கள் தூளின் பருமனைச் சொல்லுமே தவிர ருசியைச் சொல்லா என்பது பெக்டரியில் நின்றவர்களுக்குத் தெரியும்; தடிப்பு எண்ணும் அப்படிப்பட்டதே. அதை வைத்து மிதி துருத்திக்கான துணி எது, சிறு துருத்திக்கானது எது, ரோலைச் சுழற்றும் காற்று மோட்டருக்கானது எது என்று பிரித்தறியலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று மாறினால், எவ்வளவு உயர்ந்த துணியானாலும் கேடுதான். மிதி துருத்திக்கான துணி, நடுவே இறப்பரும் இருபுறமும் பருத்தியுமாகத் தடித்தது. அதைச் சிறு துருத்திக்கு ஒட்டினால் சுரங்கள் சோம்பிப்போகும். கழற்றிய பழைய துணி எவ்வளவு மக்கியிருந்தாலும், பலகையின் விளிம்பில் பசைக்கு அடியில் ஒரு துண்டு பழுதுபடாமல் இருக்கும். அதன் தடிப்பை வேர்ணியர் இடுக்கிமானியால் அளந்து, அதற்கு மிக அண்மையாக வாங்குவதே பாதுகாப்பான வழி.

தோலில் இன்னும் கவனம் வேண்டும். சவ்வுக்கான தோல் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ளது. உள்ளங்கையில் வைத்து ஊதினால் அசைய வேண்டும். இரண்டு முறைகளில் தோல் பதனிடப்படுகிறது: ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளின் துவர்ப்பில் ஊறவைப்பது ஒன்று, குரோமியம் உப்பில் பதனிடுவது மற்றது. பட்டையில் பதனிட்ட தோலுக்கு மணமும் நிறமும் அழகு; ஆனால் மெல்லியதாகச் சீவிய தோலை நீண்ட காலம் புகையும் ஈரமும் தாக்கினால், அது செந்தூளாக உதிரும் நோய்க்கு ஆளாகும். பழைய பியானோலாவைத் திறக்கும்போது கையில் ஒட்டும் செங்கல் நிறப் பொடி பெரும்பாலும் அதுதான். குரோமியத் தோல் இந்த நோய்க்கு எளிதில் இரையாவதில்லை. இரண்டையும் பிரித்தறிவதற்கு ஒரு கேத்தல் வெந்நீர் போதும்: விரல் நகமளவு துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால், பட்டைத் தோல் சுருண்டு குறுகிவிடும், குரோமியத் தோல் பெரிதும் மாறாமல் கிடக்கும். சாயம் ஏற்றியிராத குரோமியத் தோலின் வெட்டுமுகத்தில் நீலச்சாயல் தெரிவதும் உண்டு. சாயம் பூசி இரண்டையும் ஒரே நிறமாக்கி விற்கும் காலத்தில் வெந்நீர்ச் சோதனையே நம்பத் தக்கது.

தோல் உயிர் இருந்த பொருள். ஒரே தோலில் முதுகுப்பக்கம் இறுக்கமாகவும் வயிற்றுப்பக்கம் தளர்வாகவும் இருக்கும். காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர்கள் அடிக்கு முன் அதை நெருப்பில் காய்ச்சி இறுக்குவதைப் பார்த்திருக்கிறோம். பனியில் நனைந்த தோல் தளர்ந்துவிடுகிறது, சூட்டில் மீண்டும் இறுகுகிறது. பதனிட்ட தோலில் இந்தக் குணம் குறையுமே தவிர இல்லாமல் போவதில்லை. ஆகையால் 88 சவ்வுகளையும் வெட்டும்போது, முழுத் தோலையும் விரித்து, வயிற்றுப்பக்கத்தையும் வடுக்களையும் ஒதுக்கிவிட்டு, ஒரே தன்மையான பகுதியிலிருந்து வெட்ட வேண்டும். வட்டமாக வெட்டி முடித்துப் பொதிசெய்து விற்கப்படும் சவ்வுகள் வசதியானவை. ஆனால் எந்தப் பகுதியிலிருந்து வெட்டப்பட்டவை என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அவற்றை ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்துக் கசிவின் அளவுக்கேற்ப மூன்று குவியலாகப் பிரித்தால், ஒரே பொதிக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று வியப்பாக இருக்கும். நுண்ணிய கசிவு எல்லாத் தோலிலும் உண்டு. நீர்த்த இறப்பர் கரைசலை ஒரு கை பூசி அதை அடைப்பது வழக்கம். அந்தப் பூச்சுக்குப் பிறகும் கசியும் தோலை ஒதுக்கிவிட வேண்டும், இரண்டாம் கை மூன்றாம் கை பூசித் தோலை அட்டையாக்கக் கூடாது.

வால்வுகளில் ஒட்டும் தோலுக்கு வேறு கணக்கு. வால்வு மேலும் கீழும் நகரும் தூரம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. புதிய தோல் பழையதைவிடக் கால் மில்லிமீற்றர் தடித்ததாக இருந்தாலே அந்த நகர்வில் பெரும்பங்கு போய்விடும். வால்வு திறந்தும் திறக்காததுபோல் நிற்கும். தோலில் குறை இல்லை, பொருத்தத்தில்தான் குறை. இந்த இடத்தில்தான் அனுபவம் உள்ள பலரும் வழுக்குகிறார்கள், நானும் ஒருமுறை வழுக்கி, 88 வால்வுகளையும் மறுபடி கழற்றியிருக்கிறேன்.

குழாய்களுக்கு வருவோம். துளைப்பட்டையிலிருந்து இறங்கும் குழாயின் உள்விட்டம் பல கருவிகளில் அங்குலத்தில் 32இல் 5 பங்கு, அதாவது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். மீன் தொட்டிக்குக் காற்றுவிடும் பிளாஸ்டிக் குழாயும் அதே அளவாக இருப்பதால், அதை வாங்கி மாட்டிவிடும் ஆசை இயல்பாக எழும். அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியேற, குழாய் விறைத்து, நுவரெலியாவின் குளிர்ந்த விடியற்காலையொன்றில் பித்தளை முனையிலிருந்து தானே நழுவி விழும். இறப்பர் குழாய் என்றால் வேறொரு தொல்லை உண்டு. செம்பு இறப்பரின் பகை என்பது இறப்பர் தொழிலில் பழைய பாடம்; பித்தளையில் இருப்பதும் செம்புதான். ஆகவே குழாய் எப்போதும் பித்தளை முனையைத் தொடும் இடத்திலேயே முதலில் கெடுகிறது. முனைகளில் சேர்ந்திருக்கும் பழைய கறுப்புப் படிவைச் சுரண்டித் துடைக்காமல் புதிய குழாயைச் செருகுபவர், நல்ல குழாயை வாங்கியும் அதன் ஆயுளைக் குறைத்துவிடுகிறார். குழாயைச் சோதிக்க, கருவிக்குள் இருக்கும் மிக நெருக்கமான வளைவைப்போல வளைத்துக் கட்டி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, காற்று தடையின்றிப் போகிறதா என்று ஊதிப் பார்க்கலாம். பழைய கருவி சிலவற்றில் ஈயக் குழாய்கள் இருக்கும். வெள்ளைப் பொடி பூத்தவற்றைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது.

உலோக வார்ப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அக்காலத்து நாகக் (துத்தநாகக்) கலவை வார்ப்புகளில் ஈயம் முதலிய மாசு கலந்திருந்தால், ஈரமும் வெப்பமும் சேர்ந்து அவற்றை உள்ளிருந்தே அரிக்கும். அவை வீங்கி, நெளிந்து, பிஸ்கட்போல உடையும். வீங்காத இன்னொரு பழைய வார்ப்பைத் தேடி வாங்கி மாட்டுவது, அடுத்த வீக்கத்துக்கு நாள் குறிப்பதுதான். பித்தளையில் கடைந்த புதிய பாகமே சரி, கொழும்பிலோ கண்டியிலோ உள்ள ஒரு நல்ல லேத் பட்டறையில் அதைச் செய்துகொள்ளலாம். மரப்பாகங்களை நம்மூர் பாஸ்மாரே செய்வார்கள். காய்ந்த மரமாக இருந்தால் சரி.

பசையை மாற்றுப் பாகமாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது பெருந்தவறு. பியானோலாவைச் செய்தவர்கள் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த சூட்டுப் பசையையே பாவித்தார்கள். வெந்நீரும் சூடும் பட்டால் அது இளகும், ஆகவே ஐம்பது ஆண்டு கழித்துத் திருத்துபவர் பலகையைச் சேதப்படுத்தாமல் துணியைக் கழற்ற முடியும். தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையால் ஒட்டினால் வேலை எளிது, பிடிப்பும் பலம். ஆனால் அது மரத்தின் நாருக்குள் இறங்கிவிடுவதால், அதன் மேல் மீண்டும் எதுவும் சரியாகப் பிடிக்காது. மரத்தையே சீவி எடுக்க வேண்டும், சீவினால் துருத்தியின் அளவு மாறும். ஒரு பாகத்தின் தரத்தில், அது எவ்வளவு நன்றாகக் கழற்றப்படக் கூடியது என்பதும் ஒரு பங்கு என்று நான் கருதுவதற்கு, வெள்ளைப் பசையால் ஒட்டப்பட்ட ஒரு முழுத் துருத்தி அடுக்கைக் கழற்றிய மூன்று வாரங்கள் காரணம். சூட்டுப் பசைக்கு மலைநாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதை 60 பாகை அளவில் வைத்துப் பூசுவார்கள், ஆறத் தொடங்கியதும் அது கூழாகிவிடும். நுவரெலியாவின் அறைக்குளிரில், தூரிகையை எடுத்துத் துணியை வைப்பதற்குள் மேற்பரப்பு இறுகிப்போகும். அப்படி ஒட்டியது ஒட்டியதுபோலத் தோன்றி, பின்னர் உரிந்துவரும். பலகையை முன்கூட்டியே இளஞ்சூடாக்கிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குவது இதற்கு மருந்து. நல்ல பசையைக் கெட்ட பசை என்று பழித்துத் தூக்கி எறிந்தவர்கள், பல நேரம் குளிரைத்தான் பழித்திருக்க வேண்டும்.

காகித ரோலையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் கருவி பழுதென்று நினைத்துப் பாகம் வாங்கும் பலருக்கு உண்மையில் பழுதானது ரோல்தான். 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கூடிய உற்பத்தியாளர்கள் பொதுவாக்கிய அளவின்படி, 88 சுர ரோலின் அகலம் 11¼ அங்குலம். துளைகள் அங்குலத்துக்கு 9. மெற்றிக் அளவில், 286 மில்லிமீற்றர் அகலத்தில் ஒவ்வொரு துளையும் அடுத்ததிலிருந்து 2.8 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. ஈரத்தில் காகிதம் அகலவாட்டில் அரை விழுக்காடு விரிந்தாலே 1.4 மில்லிமீற்றர் ஆகிவிடும்; அது இரண்டு துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதி. நடுவே சரியாக ஒலிக்கும் ரோல், இரு ஓரங்களில் பக்கத்துச் சுரத்தையும் சேர்த்து ஒலிக்கத் தொடங்கினால், வால்வைக் கழற்றுவதற்கு முன் ரோலை இரண்டு நாள் உலர்ந்த அலுமாரியில் வைத்துப் பார்ப்பது நல்லது. புதிதாக வெட்டப்பட்ட ரோல்களை வாங்குபவர், காகிதம் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று பாராமல், ஒரு முனையை ஈரத்துணியால் ஒற்றி, விரியும் அளவை அளந்து பார்க்கலாம்.

வாங்கும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோதும், 2022இல் டொலர் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோதும், ஒரு முழத் துணிக்காக மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அத்தகைய காலத்தில் கிடைத்ததை வாங்கிக் குவிக்கும் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. இறப்பர் அலுமாரியிலும் முதுமையடையும் பொருள் என்பதால், குவித்து வைப்பது சேமிப்பு ஆகாது. முதலில் தபாலில் ஓர் உள்ளங்கையளவு மாதிரியை வருவித்து, மேற்சொன்ன சோதனைகளைச் செய்து, பிறகு ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து முழுக் கருவிக்கும் தேவையானதை ஒரே தடவையில் வாங்குவதே நல்லது. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில், இது எந்த ஆண்டில் நெய்து பூசப்பட்டது என்பதும், இதே கலவையைப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய கருவி எதையாவது அண்மையில் யாரேனும் திறந்து பார்த்தார்களா என்பதும் முதலிடம் பெறும். இரண்டாவது கேள்விக்கு நேர்மையாக 'இல்லை' என்று சொல்பவரிடம் நான் தயங்காமல் வாங்குவேன். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று பதில் சொல்பவரிடம் யாருடைய வாழ்நாள் என்று கேட்கத் தோன்றும். துணி கெட்டால் அவர் தருவது இன்னொரு துணி. 88 துருத்திகளைக் கழற்றி, சுரண்டி, மீண்டும் ஒட்டும் உழைப்பை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. ஆதலால் பாகங்களில் மிச்சம் பிடிக்கும் பத்தாயிரம் ரூபாய், மொத்தச் செலவில் எவ்வளவு சிறியது என்பதை உரிமையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும் நான் செய்வது ஒன்று உண்டு. ஒட்டிய துணியிலும் தோலிலும் குழாயிலும் ஒவ்வொரு துண்டை வெட்டி, ஒரு நூலில் கோத்து, வாங்கிய ஆண்டையும் பூசிய பசையையும் ஓர் அட்டையில் பென்சிலால் எழுதி, பியானோவின் கீழ்ப்பலகைக்கு உட்புறத்தில் தொங்கவிடுகிறேன். அதே பெட்டிக்குள், அதே பனியையும் அதே வறட்சியையும் அனுபவித்து அந்தத் துண்டுகளும் முதுமையடையும். வருடம் ஒருமுறை பியானோவுக்குச் சுருதி கூட்ட வருபவர், அடுக்கைக் கழற்றாமலே அவற்றை எடுத்து, மடித்து, உறிஞ்சிப் பார்த்துவிட்டு மீண்டும் தொங்கவிடலாம். துண்டு வெடிக்கத் தொடங்கும் ஆண்டில், உள்ளே இருக்கும் துருத்திகளுக்கும் இன்னும் எவ்வளவு காலம் என்று கணக்கிட்டு, அடுத்த துணிக்கு மாதிரி கேட்டு எழுதலாம்.